டிராக்டர் நின்றதற்கு எழுதிய காரணம்

"ஐப்பசி 12, புதன்கிழமை. படகு இழுக்கும் டிராக்டர் அடிக்கடி நின்றுபோவதற்கு, டிரைவர் டீசலை வெளியே விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலந்ததே காரணம் என்று தெரியவருவதால், மேற்படி டிரைவர் இன்று முதல் நிறுத்தப்படுகிறார். இப்படிக்கு, கமிட்டி."

இந்தக் காகிதம் எங்கள் மீனவர் குப்பத்தில், ஊர்க் கமிட்டி கூடுகிற, வலை பின்னும் கொட்டகையின் தூணில் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டிய அன்று மாலையே எழுத்துப் பிசகாமல் படியெடுத்துக்கொண்டேன். மாதம் இருக்கிறது, தேதி இருக்கிறது, கிழமைகூட இருக்கிறது. ஆண்டு இல்லை. தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். ஆண்டு போடாத காகிதம் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். ஒருவனை ஆயுள் முழுக்கத் துரத்தும். அதைவிட எனக்கு ஆத்திரம் மூட்டியது 'தெரியவருவதால்' என்ற சொல். யாருக்குத் தெரியவந்தது? எப்படி? டேங்கிலிருந்து ஒரு பாட்டில் டீசல் எடுத்து முகர்ந்து பார்த்தவர்கூடக் கமிட்டியில் கிடையாது.

அந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்லும் காகிதம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் பெசன்ட் நகர் அடுக்குமாடிகளுக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள், டிராக்டர் படகு இழுப்பதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். உழவு டிராக்டருக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. கரைக்கு வந்த ஃபைபர் படகை இன்ஜின், வலை, மீன் எல்லாவற்றோடும் அலை எட்டாத மேட்டுக்கு இழுத்துப் போட வேண்டும். முன்பு இரண்டு பக்கமும் ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். அந்தத் தோள்களில் பாதி இப்போது பைக்கில் சாப்பாட்டுப் பை சுமக்கின்றன. மீதிப் பாதிக்கு முட்டி போய்விட்டது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடல் மேலேறி மணலைத் தின்னும்போது படகுகளைச் சாலை ஓரம்வரை கொண்டுவந்தாக வேண்டும். அந்த நேரத்தில் டிராக்டர் நின்றால் படகு உடையும். படகு உடைந்த வீட்டில் மழைக்காலம் முழுக்க வருமானம் கிடையாது. ஆகவே டிராக்டர் எங்களுக்கு மோட்டார் வாகனம் மட்டுமல்ல.

எங்களுடையது செய்யூர்ப் பக்கம் யாரோ உழுது ஓய்ந்து விற்ற பழைய வண்டி. அதன் பராமரிப்பு என் பொறுப்பில் வந்ததற்குக் காரணம், நான் பஸ் டிப்போ ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பது. மெக்கானிக் இல்லை. ஆனால் எந்த வாஷர் எதற்கு, எந்த ஃபில்டர் எப்போது மாற்றியது என்று எழுதி எழுதிப் பழகிய கை. குப்பத்தில் எல்லோருக்கும் நான் 'டிப்போ அக்கா'. கமிட்டியில் பெண்களுக்கு இடமில்லை. டிராக்டருக்குக் கிரீஸ் வைக்க மட்டும் இடமுண்டு.

வயலில் ஓடும் வண்டிக்குச் சேறு எதிரி. சேறு காய்ந்தால் உதிர்ந்துவிடும். உப்பு உதிராது. அது போல்ட்டின் மரைக்குள் போய்க் குடியிருக்கும். அதனால் ஒவ்வொரு நாளும் இழுப்பு முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். முன்சக்கர பேரிங்குக்குக் கிரீஸ், பேட்டரி முனைகளுக்குக் கிரீஸ். பல நாள் ஓடாமல் நிற்கப்போகிறது என்றால் கிளட்ச் மிதியை அமுக்கி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புக் காற்றில் தகடு ஒட்டிக்கொள்ளும். ஆயில் மாற்றிய தேதியை மட்கார்டின் உட்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைப்பேன். ஆண்டு உட்பட.

இவற்றையெல்லாம் என்னோடு சேர்ந்து செய்தது டிரைவர். அவர் எங்கள் குப்பத்து ஆள் இல்லை. அடையாற்றங்கரையில் குடிசை போட்டிருந்த குடும்பம். குடிசையை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்கு வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து முதல் பஸ் பிடித்து வருவார். அவர் மனைவியும் கூடவே வருவாள். பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் சமையல். தண்ணீர் லாரி ஓடாத சந்துகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் டிராக்டர் ஓட்டியவர் என்பதால், எங்கள் வண்டி வந்த நாளிலிருந்து அவர்தான் ஓட்டினார். இத்தனை காலம் ஆகியும் கமிட்டிக்காரர்கள் வாயில் அவர் 'வெளியாள்'தான்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு டிராக்டரை அழகு பண்ணினார்கள். படகுக்கு அடித்து மிச்சமான சிவப்புப் பெயிண்டை, தேன்போல் கெட்டியாக, கண்ட இடத்திலும் பூசினார்கள். பிறகு பொட்டு. எங்கள் குப்பத்தில் பொட்டைச் சும்மா தொட்டு வைப்பதில்லை. படகின் மூக்கில் வைக்கிற பொட்டு அலை அடித்தாலும் கரையக் கூடாது என்று, சந்தனத்தை மரவேலைப் பசையில் குழைத்து, அதன் நடுவில் குங்குமம் அழுத்துவது வழக்கம். தானாக உதிரும்வரை அதை யாரும் துடைக்க மாட்டார்கள். டிராக்டருக்கும் அதே மரியாதை. கண்ணில் பட்ட வட்டத்துக்கெல்லாம் நட்டநடுவில் ஒரு பொட்டு: விளக்குகள், ஸ்டீயரிங், ரேடியேட்டர் மூடி, டீசல் டேங்க் மூடி. முதல் பொட்டு வைக்கும் உரிமை கமிட்டித் தலைவருக்கு. எல்லாப் பொட்டையும் அவரே வைத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லோரும் சுண்டல் தின்றோம்.

அந்த வாரத்திலேயே வண்டி நிற்க ஆரம்பித்தது.

முதல் தடவை நின்றபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பாதி மேட்டில் படகு, கயிறு விறைத்து நிற்கிறது, இன்ஜின் சத்தம் மட்டும் மெலிந்து மெலிந்து அடங்கிவிட்டது.

"இன்னா தம்பி, டீசல் தீந்துபோச்சா?"

"அர டேங்க் கீதுக்கா. மூச்சு வாங்குறாப்ல வாங்கிச்சு, அப்டியே குந்திக்கிச்சு."

சொல்லிக்கொண்டே அவர் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு எடுத்து, நனைந்த உயரத்தை என்னிடம் காட்டினார். மூடியை மூடினார். பிறகு ஃபில்டர் மேலிருக்கும் திருகாணியைத் தளர்த்திக் கை பம்பை அடித்தார். டீசலோடு காற்றுக் குமிழ்கள் வந்தன. குமிழ் நின்றதும் முடுக்கினார். ஸ்டார்ட் ஆனது. டீசல் வண்டி ஓட்டுகிற யாரும் இதைத்தான் செய்வார்கள்: முதலில் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பது, அடுத்தது காற்று எடுப்பது. காற்றுப் புகுந்ததால் நின்றது, காற்றை எடுத்ததால் ஓடியது என்று இருவரும் நம்பினோம்.

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். எங்கேயோ இணைப்பு கசிந்து காற்றை இழுக்கிறது என்று முடிவுசெய்து, செம்பு வாஷர் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய வண்டிச் சாமான் கடையில் ஒரு பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டிராக்டர் வாஷரா? மெட்ராஸ்ல எங்கம்மா வயல் வெச்சிக்கினு கீறீங்க?"

"கடலத்தான் உழுவுறோம் பாய்."

"அப்போ உப்பு நல்லா வெளையும்" என்று சொல்லிவிட்டு, பொருத்தமான வாஷர்களைப் பார்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தார். மாற்றினோம். அன்று ஓடியது. அடுத்த நாள் நின்றது. ஃபில்டரை மாற்றினோம். ஓடியது. நின்றது.

கமிட்டி செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தது. அவர் வந்ததும் முதல் காரியமாக டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், மூடினார். பிறகு டீசல் பம்ப் போய்விட்டது என்று சொல்லிக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். சரிசெய்து கொண்டுவந்து மாட்டி, மணலில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். கைகுலுக்கல், டீ, பஸ். மறுநாள் படகு பாதியில் இருக்கும்போது வண்டி நின்றது. போன் போட்டுக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் எல்லாவற்றுக்கும் வேர்.

"நான் பம்ப்பைப் புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்தேன். அதுக்கு மேல நின்னா டீசல்லதான் எவனோ எதையோ கலக்குறான்."

தன் வேலை பலிக்கவில்லை என்று சொல்ல மனமில்லாத ஒருவர், முகம் தெரியாத இன்னொருவன் தலையில் கட்டிய பேச்சு அது. கமிட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியில் அரை பாட்டில் மண்ணெண்ணெய் இருந்தது. எப்போதும் இருந்ததுதான். கம்பி வலை ஃபில்டரைக் கழுவவும், கையில் ஒட்டின கிரீஸைத் துடைக்கவும் வைத்திருந்தார். அதில் பாதியைத் தீர்த்தவள் நான். கொட்டகை வாசலில் நின்று இதைச் சொன்னேன். உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வெளியாளு மேல உனுக்கு இன்னாக்கா இவ்ளோ அக்கறை?"

"அக்கறை வண்டி மேல. ஒரு பாட்டில்ல டீசல் எடுத்து வெச்சிப் பாருங்க. கலந்திருந்தா வாசனையே சொல்லும்."

"மெக்கானிக்கே சொல்லிட்டான். அப்பால நாம இன்னா பாக்குறது?"

"அவர் எங்க பாத்தாரு? போன்ல மோந்தாரா?"

உள்ளே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தலைவர் முகம் இறுகியது. அன்று மாலை தூணில் காகிதம் ஏறியது.

டிரைவர் அதை நின்று படித்தார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்த பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"திருடன்னு எழுதலக்கா. ஆனா அப்டித்தான படிக்கத் தோணுது."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அந்தத் தூண் இருக்கும் இடம் வேறு அப்படி. பஸ் நிறுத்தத்திலிருந்து அடுக்குமாடிகளுக்குக் குறுக்கே நடக்கிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் மனைவி தினமும் போகிற வழி. அவர் மனைவி வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் மீன் வாங்க வருகிற வழியும் அதுதான். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"வீட்டம்மா மளிகை அலமாரியப் பூட்டிட்டாங்கக்கா. கேட்டா, எறும்பு வருதாம்."

எத்தனையோ வருடம் திறந்து கிடந்த அலமாரி. எறும்புக்குப் பூட்டு.

டிராக்டரில் இப்போது தலைவரின் மச்சான் ஏறி உட்கார்ந்தார். மோசமான ஆள் என்று சொல்ல மாட்டேன். ஆட்டோ ஓட்டுகிறவர், வேலைக்குப் பயப்படாதவர். அவர் ஓட்டினாலும் வண்டி நின்றது. அவரும் இறங்கி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார், காற்று எடுத்தார், ஓட்டினார். டீசலை இப்போது கமிட்டியே கேனில் வாங்கி, கமிட்டியே ஊற்றியது. கலப்பவன் போய்விட்டான், கலப்பதற்கு வழியும் இல்லை, வண்டி அதே மாதிரி நிற்கிறது. அப்படியானால் காகிதத்தில் எழுதிய காரணம் தப்பு என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? தலைவரிடமே கேட்டேன்.

"மண்ணெண்ணெய் குடிச்ச பம்புக்கா. இனிமே அப்டித்தான் நிக்கும்."

ஆக, டிரைவர் இருந்தபோது நின்றால் அது டிரைவரின் திருட்டு. டிரைவர் போன பிறகு நின்றால் அதுவும் டிரைவரின் திருட்டு. இந்தத் தர்க்கத்துக்கு முன்னால் எந்த மனிதன் நிரபராதியாக முடியும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் நிறையப் படிக்கிறவள். பழைய விசாரணைகளைப் பற்றியும் படித்திருக்கிறேன். எல்லா இடத்திலும் முதலில் தண்டனை எழுதப்படுகிறது, பிறகு காரணம் அதற்கேற்ப வளைகிறது. எங்கள் கொட்டகைத் தூணிலும் அதே கதை நடக்கும் என்று நினைத்ததில்லை.

கார்த்திகை பிறந்த சில நாளில் புயல் எச்சரிக்கை வந்தது. காலையிலிருந்தே கடல் நிறம் மாறிக் கிடந்தது. மதியத்துக்குள் அலை, படகுகள் வழக்கமாக நிற்கும் மேட்டைத் தொட்டுவிட்டது. எல்லாப் படகையும் சாலை ஓரம் ஏற்ற வேண்டும். தலைவரின் மச்சான் அவசரத்தில் கேனிலிருந்து டீசல் ஊற்றினார். மூடியை மட்கார்டு மேல் வைத்தார். யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினார். மூடி மணலில் விழுந்து, மழையிலும் கால்களின் அமளியிலும் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மூடி எங்க மச்சி?"

"மூடியா இப்போ முக்கியம்? எதுனா கட்டு."

ஒரு பழைய லுங்கியைக் கிழித்து டேங்க் வாயில் சுற்றிக் கட்டினார்கள். துணி வழியாகத் தண்ணீர் இறங்கிவிடுமே என்று அதன்மேல் மீன் அள்ளும் அலுமினிய அன்னக்கூடை ஒன்றைக் கவிழ்த்துக் கயிறு போட்டேன். இழுப்பு தொடங்கியது. நானும் மற்றப் பெண்களும் படகுக்கு அடியில் உருளைக்கட்டை போட்டுக்கொண்டே முன்னால் ஓடினோம். ஒரு படகு, அடுத்தது, அடுத்தது. ஒவ்வொரு படகுக்கும் பாதி மேட்டில் என் காது தானாக இன்ஜின் பக்கம் திரும்பும், இப்போது மெலியும் என்று. மெலியவில்லை. வெளிச்சம் போகும்வரை வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசிப் படகும் சாலை ஓரம் ஏறிவிட்டது.

தலைவர் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே மச்சானின் முதுகில் தட்டினார். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "கை மாறுனா வண்டியே மாறிடுது, பாத்தீங்களா."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. கை மாறி மூன்று வாரம் ஆகிவிட்டது. நேற்றும் அதே கைதான், நேற்று வண்டி நின்றது. அன்று வேறு எது மாறியது? அதே டீசல், அதே பம்ப், அதே வாஷர். வீட்டுக்குப் போய்த் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அன்று வண்டியில் ஒரே ஒரு பொருள் இல்லை. மூடி.

காலையில் மழை விட்டிருந்தது. ஃபில்டர் அடியில் இறங்கியிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, டீசல் ஊற்றிய இடத்தில் மணலைக் கிளறினேன். டயர் தடத்தில் அழுந்திக் கிடந்தது மூடி. அலைக்குக் கரையாத பொட்டு புயலுக்கும் கரையவில்லை. சந்தனமும் குங்குமமும் அப்படியே, முத்திரை குத்தினாற்போல் நட்டநடுவில்.

டேங்க் மூடியின் நடுவில் கடுகளவு ஓட்டை ஒன்று உண்டு. உள்ளே டீசல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று அதன் வழியாக உள்ளே போக வேண்டும். வாயால் பாட்டிலை முழுக்க அடைத்துக்கொண்டு உறிஞ்சினால், கொஞ்சம் வந்த பிறகு எதுவும் வராது. அதுபோல, ஓட்டை அடைந்த டேங்கிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு மேல் டீசல் இறங்காது. உறிஞ்சுகிற வேகத்தில் இணைப்புகள் வழியாகக் காற்றைத்தான் இழுக்கும். மூடியைத் திறந்தால் அந்த நொடியே சரியாகிவிடும். நின்றபோதெல்லாம் எல்லோரும் முதலில் செய்தது என்ன? டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தது. வண்டியைப் பிழைக்க வைத்தது அது. பெயர் வாங்கியது அடுத்துச் செய்த வேலை: காற்று எடுத்தது, வாஷர் போட்டது, பம்ப் மாற்றியது.

மூடியின் உட்பக்கத்தில் வாய் வைத்து ஊதினேன். துளிக் காற்று போகவில்லை.

கையில் மூடியோடு கொட்டகைக்குப் போய் எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். படகு எதுவும் கடலுக்குப் போகாத நாள், ஆட்களுக்குப் பஞ்சமில்லை. லுங்கித் துணியை எடுத்துவிட்டு மூடியை இறுக்கினேன். தலைவரின் மச்சானிடம், ஒரு படகைக் கட்டி மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இரு என்றேன். வேடிக்கை பார்த்தவர்கள் அலுத்துப்போய் பீடி பற்றவைக்கிற நேரத்தில் சத்தம் மெலிந்தது, வண்டி நின்றது.

"யாரும் எதையும் தொடாதீங்க. நைனா, நீ வா."

கமிட்டியில் மூத்தவர் அவர். என் பேச்சை எப்போதும் நம்பாதவர். காதை மூடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகச் சொன்னேன். திருகினார். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம் அவருக்கு மட்டுமல்ல, நாலடி தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது. இத்தனை நாளும் அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காத சத்தம்.

"பாம்பு மாரி சீறுதும்மே" என்றார் நைனா, கையை உதறிக்கொண்டு.

"அது சீறல. இத்தினி நாளா மூச்சு வுட முடியாம கெடந்துச்சு."

காற்று எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மூடியை இறுக்காமல் தளர்த்தி வைத்தேன். முன்பு நின்ற நேரத்தைத் தாண்டி வெகு நேரம் ஓடியது. "போதும்க்கா, டீசல் வேஸ்ட்டாவுது" என்று அவர்களே சொல்லும்வரை நிறுத்தவில்லை.

பிறகு பொட்டைச் சுரண்ட வேண்டும். யாரும் முன்னால் வரவில்லை.

தலைவர்தான் வாய் திறந்தார். "சாமிக்கு வெச்சத அயிக்கக் கூடாதுக்கா. தானா உதிர்றவரைக்கும் வுட்டுடணும்."

"ஒரு ஆளு பேர அயிக்கலாம், பொட்ட அயிக்கக் கூடாதா?"

வலை பின்னும் ஊசியை எடுத்து நானே சுரண்டினேன். பசை கலந்த சந்தனம் சுண்ணாம்புக் காரைபோல் பெயர்ந்தது. அடியில் சிவப்புப் பெயிண்ட். அதையும் குத்தி எடுத்ததும் ஓட்டையின் வழியாக வெளிச்சம் தெரிந்தது. மூடியைத் தலைவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணருகே வைத்துக் கடலைப் பார்த்தார். தான் வைத்த பொட்டு அது என்பதை அவருக்கு நான் நினைவூட்டவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் நினைவிருந்தது.

"சரி வுடுக்கா. வண்டி ஓடுதில்ல" என்றார்.

"வண்டி ஓடுது. அந்தாளு?"

"வரச் சொல்லு. வந்து ஓட்டட்டும். யாரு வேணாண்ணா?"

"காகிதம்?"

"அது பொயல்லயே பூட்ச்சி. தூண்ல இன்னா கீது, பாரு."

உண்மைதான், தூணில் கோந்துத் தடம் மட்டும் இருந்தது. ஆனால் அந்தக் காகிதம் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதியது. புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது. புயல் பீரோவுக்குள் வராது. அதை அடித்துவிட்டு, காரணம் இன்னது என்று எழுதி, அதே தூணில் ஒட்டுங்கள் என்றேன்.

"ஊரே கண்ணால பாத்துச்சே. அப்பால காகிதம் எதுக்கு?"

"திருடன்னு சொல்றதுக்குக் காகிதம் வேணும். இல்லன்னு சொல்றதுக்கு வேணாமா?"

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி டிரைவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் மேல் மாடி. கதவைத் திறந்தவர் வா என்றுகூடச் சொல்வதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "வண்டி ஓடுதாக்கா?" என்பது. நடந்ததைச் சொன்னேன். பொட்டு என்றதும் அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நானே எத்தினி தபா அந்த மூடியத் தொறந்து மூடிக்கினு கீறேன். பொட்டு மேல வெரல் படக் கூடாதுன்னு ஓரமா புடிச்சித் தொறப்பேன்க்கா."

"கமிட்டி வரச் சொல்லுது தம்பி."

"எயுதுனத அயிச்சிட்டாங்களா?"

இன்னும் இல்லை என்றேன்.

"அயிச்சிட்டுக் கூப்டச் சொல்லு."

அவர் மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அங்க இன்னும் எறும்பு வந்துக்கினுதான் கீதுக்கா."

குப்பத்தில் இப்போது பேச்சு மாறிவிட்டது. அந்த ஆளுக்குத் திமிர், கூப்பிட்டும் வரவில்லை என்கிறார்கள். மூடிக்கதையை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதில் டிரைவர் வருவதில்லை, மண்ணெண்ணெய் வருவதில்லை, தூண் வருவதில்லை. பொட்டு அடைத்தது, அக்கா ஊசியால் குத்தினாள், வண்டி ஓடியது, அவ்வளவுதான். ஒரு மனிதனை வெளியேற்றிய தவறு நல்ல நகைச்சுவையாகிவிட்டது. மட்கார்டின் உட்பக்கத்தில் ஆயில் மாற்றிய தேதிகளுக்குக் கீழே, 'மூடி ஓட்டை திறந்தது' என்று நாள், மாதம், ஆண்டோடு நான் எழுதி வைத்திருக்கிறேன். அது வண்டியைப் பற்றிய குறிப்பு. ஆளைப் பற்றிய குறிப்பு எழுத வேண்டியவர்கள் வேறு.

சென்ற வாரம் மீன் ஏலம் போடும் இடத்தில் கமிட்டிச் செயலாளர் என்னைப் பார்த்து, "அந்த வரிய செகப்பு இங்கில அடிச்சாச்சுக்கா, தலைவரு கையெயுத்தும் போட்டாரு" என்று சொன்னார். புத்தகத்தைக் காட்டுங்கள் என்றேன். தலைவர் வீட்டு பீரோவில் இருக்கிறது, அவர் ஊரில் இல்லை என்றார். தலைவர் வந்த பிறகு கேட்டேன். புத்தகம் செயலாளரிடம் இருக்கிறது என்றார். தூணில் புதிய காகிதம் எதுவும் ஒட்டப்படவில்லை. அதை நான் தினமும் பார்க்கிறேன்.

டிரைவர் போனில் கேட்கிறார், அயிச்சிட்டாங்களாக்கா என்று. அழித்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் நாளைக்கே முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். நான் சொல்லவில்லை. அந்த வரி அடிக்கப்பட்டது என்பது செயலாளர் வாய்மொழியாகச் சொன்ன தகவல். நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்லும் வேறு ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும் இன்றுவரை அது உறுதிசெய்யப்படாதது.